எண்ணத்துக்கு எதிர்ப்பேச்சு
பாலைவனத்துப் பாடங்கள் – 7

சோதனை என்றதும் நம் போதகர்கள் மதுக்கடையையும் சினிமாவையும் காட்டுவார்கள். 4-ஆம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைவனத்தில் தவமிருந்த எவாக்ரியுஸ் எழுதி வைத்த சோதனைகளோ அநியாயத்துக்குச் சாதாரணமானவை. “இப்படி உண்ணாமல் இருந்தால் ஈரல் கெடும், மண்ணீரல் கெடும். படுக்கையில் விழுந்தால் இங்கே மருத்துவர் கிடையாது.” போஜனப்பிரியம் துறவியிடம் இப்படித்தான் பேசுமாம். பண ஆசையின் பேச்சு வேறு: “வயதாகும், கை ஓடாது. பஞ்சம் வரும். அன்றைக்கு யாரிடம் போய்க் கையேந்துவாய்?”

இதில் எந்த வரியைத் தவறு என்பீர்கள்? நம் வீட்டுக் கூடத்தில் தினமும் நடக்கிற பேச்சுதானே! சோதனை பாவத்தின் முகத்தோடு வருவதில்லை, அக்கறையான உறவுக்காரர்போல வந்து உட்காருகிறது என்பதுதான் எவாக்ரியுஸின் கண்டுபிடிப்பு.

ஆள் சும்மா இல்லை. கருங்கடல் கரையின் பொந்து நாட்டுக்காரர். கான்ஸ்டான்டிநோபிளில் பேர்பெற்ற உதவிக்குரு. அங்கே மணமான ஒரு பெரிய இடத்துப் பெண்மீது மனம் போனது. ஊரைவிட்டே ஓடினார் என்று அவருடைய சீடர் பல்லாதியுஸ் எழுதுகிறார். எருசலேம் வழியாக எகிப்துக்கு வந்து, கெல்லியா என்ற இடத்தில் தனிக்குடிலில் தங்கி, ஏடுகளைப் பிரதியெடுத்துப் பிழைத்து, 399-இல் இறந்தார்.

ஓடிப்போகலாம், ஆனால் எண்ணம் கூடவே வந்துவிடுகிறதே! எண்ணங்கள் வருவதும் வராததும் நம் கையில் இல்லை, அவை தங்குவதும் தங்காததும் நம் கையில் இருக்கிறது என்பது அவர் கணக்கு. தங்கவிடாமல் செய்ய ஒரு விநோதமான புத்தகம் எழுதினார். எட்டுத் தீய எண்ணங்களுக்கு எட்டுப் பகுதிகள். மனம் இன்னதைச் சொன்னால் அதற்கு வேதத்திலிருந்து இன்ன வசனத்தைத் திருப்பிச் சொல் என்று ஏறத்தாழ 500 பதில்கள். கிரேக்க மூலம் தொலைந்துபோனது. சிரியாக் மொழிபெயர்ப்பில் பிழைத்திருக்கிறது.

முறை அவருடையதல்ல. மத்தேயு 4-இல் இயேசு செய்ததுதான். நாற்பது நாள் பசியில் மூன்று சோதனைகள். மூன்றுக்கும் பதில் உபாகமத்திலிருந்தே, 8-ஆம் 6-ஆம் அதிகாரங்களிலிருந்து. இஸ்ரவேலர் நாற்பது வருஷம் வனாந்தரத்தில் இடறிய இடங்களை மோசே நினைவூட்டும் பகுதி அது. முன்னோர் தோற்ற அதே பாடத்தை எடுத்துத்தான் இயேசு பதில் சொல்கிறார்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே பிசாசும் வசனம் பேசுகிறான், 91-ஆம் சங்கீதத்திலிருந்து. ஆகவே வசனம் தெரிந்திருப்பது மட்டும் காவல் ஆகாது. பவுல் தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்குச் சொன்ன திராட்சரசத்தை நம்மவர்கள் எத்தனை கல்யாண வீடுகளில் துணைக்கு அழைத்திருக்கிறார்கள்! தன் ஆசைக்குச் சாட்சியாக வசனத்தைக் கூப்பிடுகிறவனும், தன் ஆசையை மறுக்க அதைக் கூப்பிடுகிறவனும் ஒரே வேதாகமத்தைத்தான் புரட்டுகிறார்கள்.

எட்டுத் தீய எண்ணங்களில் எவாக்ரியுஸ் மிகவும் அஞ்சியது மத்தியானச் சலிப்பை. சூரியன் நகராததுபோல் தோன்றும். சாப்பாட்டு வேளையான மூன்று மணிக்கு இன்னும் எவ்வளவு என்று துறவி வெளியே எட்டிப் பார்ப்பான். இந்த இடம் பிடிக்காது, இந்த வேலை பிடிக்காது, சகோதரரிடையே அன்பே இல்லை என்று தோன்றும். அவனிடம் கைபேசி இல்லை என்பது ஒன்றுதான் நமக்கும் அவனுக்கும் வித்தியாசம். இதற்கு அவர் சொல்லும் வைத்தியம் எனக்கு மிகவும் பிடிக்கும்: ஆத்துமாவை இரண்டாகப் பிரித்துக்கொள், ஒரு பாதி அழட்டும், மறுபாதி தேற்றட்டும். கலங்குகிற தன் ஆத்துமாவையே கேள்வி கேட்கும் 42-ஆம் சங்கீதத்தை அதற்குக் கொடுக்கிறார். இங்கே அதட்டல் இல்லை. எல்லா எண்ணத்தையும் பிசாசு என்று விரட்டுகிற நம் ஊர் ஜெபக்கூட்டங்கள் இந்தப் பக்கத்தைப் படித்தால் நல்லது.

நாமும் வசனம் சேர்க்கிறவர்கள்தான். புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் வாக்குத்தத்த அட்டைக்கு வரிசையில் நிற்கிறோம். எரேமியா 29:11 வந்தால் வீட்டில் சந்தோஷம். லேவியராகமம் 19:13 அச்சடித்த அட்டையை நான் பார்த்ததே இல்லை. கூலிக்காரனுடைய கூலி விடியும்வரை உன்னிடம் தங்கக் கூடாது என்பது அதன் கட்டளை. வீட்டு வேலைக்கு வரும் அக்கா மாதக் கடைசியில் தயங்கி நிற்கும்போது, “சில்லறை இல்லைக்கா, நாளைக்கு வாங்கிக்கோங்க” என்று வாய்வரைக்கும் ஒரு பேச்சு வருமே, அதற்கு எதிர்ப்பேச்சு இது. ஜிபே வந்தபிறகு சில்லறைச் சாக்கு செல்லாது. இப்போது “சர்வர் டவுன்” என்கிறோம்.

(தொடரும்)