பத்து ரூபாய் ஆரூடம்!

பொதட்டூர்பேட்டையில் தறிச் சத்தத்துக்கு நடுவிலும் கிரிக்கெட் ஸ்கோர் மட்டும் எப்படியோ காதில் விழுந்துவிடும். "இன்னிக்கு யாருண்ணே ஜெயிப்பா?" என்று டீக்கடையில் கேட்டுப் பாருங்கள், ஆளுக்கொரு ஆரூடம்! பந்தயம் ஒரு டீ, ஒரு வடை. தோற்றாலும் வீட்டில் உலை கொதிக்கும்.

இதே ஆரூடத்துக்குக் கோட்டு சூட்டு மாட்டி, 'ஒப்பீனியன் டிரேடிங்' என்று பெயர் வைத்து செல்போனில் விற்றார்கள். குர்கானில் 2019-ல் தொடங்கிய 'ப்ரோபோ' இதில் பேர்போன கம்பெனி. எப்படி நடந்தது தெரியுமோ?

'இந்தியா ஜெயிக்குமா?' கேள்வி அவ்வளவுதான். நீங்கள் 'ஆமாம்' சீட்டை 6 ரூபாய்க்கு வாங்குகிறீர்கள். முகம் தெரியாத ஒருத்தர் 'இல்லை' சீட்டை 4 ரூபாய்க்கு வாங்குகிறார். மொத்தம் 10. மேட்ச் முடிந்ததும் சரியாகச் சொன்னவருக்குப் பத்து ரூபாய். மற்றவருக்குப் பட்டை நாமம்! விலை 6 ரூபாய் என்றால், ஜெயிக்க நூற்றுக்கு அறுபது வாய்ப்பு என்று கூட்டம் நினைப்பதாக அர்த்தம். ஆட்டம் போகிற போக்கில் விலை ஏறும், இறங்கும். நடுவிலேயே விற்றுவிட்டு நழுவவும் செய்யலாம்.

2024 ஜூன் 29, பார்படாஸில் டி-20 உலகக்கோப்பை ஃபைனல் ஞாபகமிருக்கிறதா? தென் ஆப்பிரிக்காவுக்கு 30 பந்தில் 30 ரன் போதும், கையில் 6 விக்கெட். அப்போது இந்தியச் சீட்டை ஒரு ரூபாய்க்கு வாங்கவும் யோசிப்போம். அப்புறம் கிளாசன் அவுட், எல்லைக்கோட்டில் சூர்யகுமார் பிடித்த கேட்ச்... 7 ரன்னில் ஜெயித்தோம்! ஒரு ரூபாய் பத்தாகிற ராத்திரி. வினையே அதுதான். அந்த ஒரு ராத்திரி மனசில் ஒட்டிக்கொள்ளும். காசு போன மற்ற ராத்திரிகள் மறந்துபோகும்.

கணக்குப் போடுங்கள். 6 ரூபாய் சீட்டைப் பத்து தடவை வாங்குகிறீர்கள். கூட்டத்தின் கணிப்பு சரியென்றால் ஆறு தடவை ஜெயிப்பீர்கள். லாபம் 24 ரூபாய். நாலு தடவை தோற்பீர்கள். நஷ்டமும் 24 ரூபாய். மிச்சம் பூஜ்யம்! அதற்கு மேல் நடத்துகிறவரின் கமிஷன் வேறு. போதாததற்கு, செல்போனில் வரும் படம் மைதானத்தைவிடச் சில விநாடி பின்தங்கித்தான் வரும். விக்கெட் விழுந்த சேதி எதிராளிக்கு வந்திருக்கும். உங்கள் போனில் பௌலர் இன்னும் ஓடி வந்துகொண்டிருப்பார்!

"ஷேர் மார்க்கெட் மாதிரிதானே சார்?" என்பார்கள். தறி ஓடினால் துணி வரும். துணி விற்றால் லாபம் வரும். ஷேருக்குப் பின்னால் அப்படி ஒரு தொழில் இருக்கிறது. இங்கே எதுவும் நெய்யப்படவில்லை. உங்கள் முதல் தேதி சம்பளம் இன்னொருத்தர் பைக்குப் போகிறது, அவ்வளவுதான்.

இது தன் கண்காணிப்புக்குள் வராது, முதலீட்டாளர் பாதுகாப்பும் கிடையாது என்று 2025 ஏப்ரலில் 'செபி' எச்சரித்தது. ஆகஸ்டில், பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்குத் தடைபோட்டு பார்லிமென்ட் சட்டம் நிறைவேற்றியது. நடத்துகிறவருக்கு மூன்று வருஷம் வரை ஜெயில், ஒரு கோடி வரை அபராதம். ப்ரோபோ பண ஆட்டத்தை நிறுத்தியது. அதே வருஷம் அமெரிக்காவில் 'கால்ஷி' விளையாட்டுச் சீட்டுகளை விற்க ஆரம்பிக்க, "இது சூதாட்டம்தான்" என்று பல மாநிலங்கள் மல்லுக்கு நின்றன.

பந்தயம் கட்டாமல் இருக்க முடியவில்லையா? இருக்கவே இருக்கிறது டீக்கடை. தோற்றால்கூட, ஜெயித்தவர் வடையில் பாதியைப் பிட்டுத் தருவார்!