கொடி படருது, பழம் வரலையா? விதையில்லா திராட்சைக்கு கவாத்துதான் சாவி!

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் வீட்டு மாடியில விதையில்லா திராட்சை வச்சிருக்கீங்களா? பந்தல் முழுக்க இலை, ஆனா ஒரு கொத்துகூட இல்லையா? காரணம் இதுதான்.

நம்ம ஊர்ல கடுங்குளிர் இல்லாததால், கொடி தானாக ஓய்வெடுக்காது. கவாத்து செய்தால்தான் காய்க்கும்.

ஏப்ரல்: ஒட்ட வெட்டுங்க. புதுசா வரும் கிளையில் பூமொட்டு உருவாகும்.

அக்டோபர்: இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். தாம்சன் சீட்லெஸ் ரகத்தில் கிளையின் அடிமொட்டுகள் பெரும்பாலும் இலையை மட்டுமே தரும். அதனால் 5, 6 மொட்டுகளாவது விட்டு வெட்டுங்க.

கடைப்பழம் போல பெருசா இல்லையேன்னு கவலை வேண்டாம். அது ஜிப்ரலிக் அமிலம் தெளிப்பதால் வரும் பருமன். ருசி வேணுமா? கொடியிலேயே நன்கு பழுக்க விடுங்க. பறித்த பிறகு திராட்சையில் இனிப்பு ஏறாது!