மேகத்தைக் கணக்கெடுக்கும் மாணவர்கள்

மதுரை வில்லாபுரத்தில் வசிப்பவர்களுக்கு இந்த அனுபவம் புதிதல்ல. சித்திரை மாதப் பிற்பகலில் வானம் கறுக்கும், இடி முழங்கும், மாடியில் காயும் வற்றலை அள்ளிக்கொண்டு எல்லோரும் ஓடுவார்கள். ஆனால் புழுதி அடங்கும் அளவுக்குக்கூட ஒரு தூறல் விழாது. மாலையில் திருப்பரங்குன்றத்திலிருந்து வருபவர், 'அங்கே கொட்டித் தீர்த்துவிட்டது' என்று ஈரச் சட்டையோடு சொல்லுவார். இரண்டு இடங்களுக்கும் இடையே சில கிலோமீட்டர் தூரம்தான்.

மறுநாள் செய்தித்தாளில் 'மதுரையில் மழை இவ்வளவு' என்று ஓர் எண் வரும். எந்த மதுரையில்? ஒரு மழைமானியின் வாய் நாம் சாப்பிடும் தட்டைவிடச் சிறியது. அந்த வாய்க்குள் விழுந்த நீரைக் கொண்டுதான் சுற்றியுள்ள ஊர் முழுவதற்கும் மழையளவு கூறுகிறோம். வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் மேகம் பரந்து நின்று பெய்யும்போது இது ஓரளவு பொருந்தும். கோடை இடிமழைக்குப் பொருந்தாது. இடிமேகம் ஒரு பேட்டையை நனைத்து அடுத்த பேட்டையை விட்டுவிடும்.

2024 அக்டோபர் 25 அன்று மதுரையில் பிற்பகல் 3 மணியை ஒட்டிய 15 நிமிடங்களில் 4.5 சென்டிமீட்டர் மழை பெய்தது. வைகையின் வடகரையில் செல்லூர்ப் பகுதித் தெருக்களில் வெள்ளம் தேங்கியது. 4.5 சென்டிமீட்டர் என்றால் பெரிதாகத் தோன்றாமல் இருக்கலாம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மில்லிமீட்டர் மழை விழுந்தால் அது சரியாக 1 லிட்டர். அப்படியானால் 45 மில்லிமீட்டர் மழை 45 லிட்டர். 2,000 சதுர மீட்டர் பரப்புள்ள ஒரு பள்ளி மைதானத்தில் அந்தக் கால் மணி நேரத்தில் 90,000 லிட்டர் விழும். 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகள் ஏழரையை நிரப்பும் நீர் இது. கால்வாய் எவ்வளவு அகலம் இருக்க வேண்டும், எந்தத் தெரு முதலில் முழுகும் என்று கணக்கிட வேண்டுமானால், ஊருக்கு ஒரு மழைமானி போதாது. பேட்டைக்கு ஒன்று வேண்டும்.

பேட்டைக்கு ஒன்று என இருக்கும் அரசு நிறுவனம் எது? பள்ளிக்கூடம்தான். அங்கே திறந்த மைதானம் உண்டு. நாள்தோறும் குறித்த நேரத்தில் வருபவர்கள் உண்டு. அறிவியல் ஆசிரியர் உண்டு. இந்த எளிய எண்ணத்தை உலக அளவில் செயல்படுத்திய திட்டம்தான் 'குளோப்'. 1994ஆம் ஆண்டு புவி நாளில் அமெரிக்கத் துணைக் குடியரசுத் தலைவராக இருந்த ஆல் கோர் இதனை அறிவித்தார். மறு ஆண்டு புவி நாளில் பணி தொடங்கியது. இன்று 120க்கு மேற்பட்ட நாடுகள் இதில் சேர்ந்துள்ளன. இந்தியா 2000ஆம் ஆண்டில் சேர்ந்தது.

இத்திட்டத்தைத் தாங்குவது ஒரு கூட்டுறவு. நாசா என்னும் விண்வெளி ஆய்வு நிறுவனம் செயற்கைக்கோள் தகவல்களைத் தருகிறது. விஞ்ஞானிகள் அளக்கும் முறைகளை வகுத்துத் தருகிறார்கள். ஒவ்வொரு நாட்டிலும் அந்நாட்டு அரசு பொறுப்பேற்று, ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிக்க ஏற்பாடு செய்கிறது. பள்ளிகள் அளந்து அனுப்புகின்றன. யாரும் யாருக்கும் தானம் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். மாணவருக்குக் கல்வி கிடைக்கிறது; விஞ்ஞானிக்கு வேறு எங்கும் கிடைக்காத அளவுகள் கிடைக்கின்றன.

விண்ணில் அத்தனை பெரிய கருவிகளை வைத்திருப்பவர்களுக்கு ஒன்பதாம் வகுப்பு மாணவனின் கண் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். செயற்கைக்கோள் மேகத்தை மேலிருந்து பார்க்கிறது. உயரத்தில் கீற்று மேகங்கள் அடர்த்தியாகப் பரவியிருந்தால், அவற்றின் கீழே திரண்டு நிற்கும் தாழ்ந்த மேகங்கள் அதற்குத் தெரியாமல் போகலாம். நீங்களோ கீழிருந்து பார்க்கிறீர்கள். உங்களுக்குத் தாழ்ந்த மேகம் தெளிவாகத் தெரியும். அதற்கு மேலே உள்ளது மறைந்துவிடும். பாதிப் பாதியாகக் கண்ட இருவர் ஒன்று சேர்ந்தால் முழு வானம் கிடைக்கிறது. செயற்கைக்கோள் தலைக்கு மேலே கடக்கும் நேரத்தை ஒட்டி நீங்கள் குறிப்பு அனுப்பினால், அது கண்டதையும் நீங்கள் கண்டதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நாசாவிலிருந்து பதில் வரும்.

வானத்தில் எத்தனை பங்கு மேகம் என்று சொல்வது எளிதன்று. நீங்களே சோதித்துப் பாருங்கள். ஒரு நீலத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். அதே அளவுள்ள வெள்ளைத் தாளைப் பத்துச் சம பாகங்களாக வெட்டி, மூன்று பாகங்களை மட்டும் சிறுசிறு துண்டுகளாகக் கிழித்து, ஒன்றன்மேல் ஒன்று படாமல் நீலத் தாள் முழுவதும் பரவலாக ஒட்டுங்கள். தள்ளி வைத்து, எத்தனை சதவீதம் வெள்ளை என்று வகுப்பிலுள்ளவர்களைக் கேளுங்கள். 30 என்பதே சரியான விடை. ஆனால் 40 என்பார்கள், 50 என்பார்கள். சிதறிக் கிடப்பதை உள்ளதைவிட அதிகமாக மதிப்பிடுவது கண்ணின் பழக்கம். இதை அறிந்து, நான்கு திசைகளிலும் தனித்தனியே பார்த்துப் பிறகு சராசரி எடுத்தால் பிழை குறையும்.

இனி, எந்த நேரத்தில் அளப்பது? வெப்பநிலை போன்றவற்றைச் சூரிய உச்சியை ஒட்டிய ஒரு மணி நேரத்திற்குள் அளக்க வேண்டும் என்பது குளோப் விதி. கடிகாரத்தில் 12 மணி அடிப்பதும் சூரியன் உச்சிக்கு வருவதும் ஒன்றல்ல. நமது இந்திய நேரம் 82½ பாகைத் தீர்க்கரேகைக்கு உரியது. மதுரை ஏறக்குறைய 78.1 பாகையில் இருக்கிறது. வேறுபாடு 4.4 பாகை. பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம் ஆகும். எனவே நமக்குச் சூரிய உச்சி சராசரியாக 12 மணி 18 நிமிடத்தில். பூமியின் பாதை முழு வட்டம் அன்று, அதன் அச்சும் சாய்ந்திருக்கிறது என்பதால், இது நவம்பர் தொடக்கத்தில் 12.01க்கும் பிப்ரவரி நடுவில் 12.32க்கும் மாறும். ஒரு குச்சியை நட்டு, நிழல் மிகக் குறுகும் கணத்தைக் குறித்தால் கடிகாரமே வேண்டாம்.

இங்கே ஒரு சுவையான சிக்கல் உண்டு. வெப்பமானியை வைக்கும் வெள்ளைப் பெட்டியின் கதவு வடக்கு நோக்கி இருக்க வேண்டும் என்பது வட அரைக்கோளத்துக்கான விதி. திறக்கும்போது வெயில் உள்ளே பட்டுவிடக் கூடாது என்பது காரணம். டெல்லியில் சூரியன் ஆண்டு முழுவதும் உச்சிவேளையில் தெற்கே சாய்ந்தே இருக்கும். மதுரையோ 9.9 பாகை வட அட்சரேகையில் உள்ள ஊர். ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும் இங்கே சூரியன் நேர் உச்சியில் நின்று நிழலே விழாமல் செய்யும். இவ்விரண்டு நாட்களுக்கும் இடைப்பட்ட நான்கு மாதங்களுக்கு மேல், நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே! அப்படியானால் விதி இங்கே தவறா? கணக்கிட்டுப் பாருங்கள். ஜூன் 21 அன்று சூரியன் உச்சியிலிருந்து வடக்கே 23.4 – 9.9, அதாவது 13½ பாகைதான் விலகியிருக்கும். அவ்வளவு செங்குத்தான வெயிலைப் பெட்டியின் கூரையே பெரும்பாலும் தடுத்துவிடும். ஆனால் ஜூன் மாதக் காலை வேளையில் சூரியன் வடகிழக்கில் தாழ்ந்திருக்கும். அப்போது கதவைத் திறப்பவர் எச்சரிக்கையாக இருக்கத்தான் வேண்டும். எந்த விதியையும் அதன் காரணத்தோடு படித்தால்தான் நம் ஊருக்கு எப்படிப் பொருந்துகிறது என்பது விளங்கும்.

மழைமானிக்கு வருவோம். அகன்ற புனல் வழியாக நீர் ஒல்லியான உட்குழாயில் இறங்குகிறது. புனல் வாயின் பரப்பு குழாயின் பரப்பைப் போலப் பத்து மடங்கு. ஆகவே 1 மில்லிமீட்டர் மழை குழாயில் 10 மில்லிமீட்டர் உயரம் நிற்கும், 0.2 மில்லிமீட்டர் வரை நுட்பமாகப் படிக்கலாம். நீர்மட்டம் ஓரங்களில் ஏறி நடுவில் குழிந்திருக்கும். குழிவின் அடியைக் கண்மட்டத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

இதைவிட முக்கியமானது குறிப்பேட்டில் எழுதும் முறை. மழையே பெய்யவில்லை என்றால் '0' என்று எழுத வேண்டும். அளக்க முடியாத சிறு ஈரம் என்றால் அதற்குத் தனிக்குறி. அன்று யாரும் பார்க்கவில்லை, அல்லது குழாய் கவிழ்ந்து நீர் கொட்டிப்போயிற்று என்றால் அதற்கு வேறொரு குறி. மாணவர்கள் பலர் கடைசி இரண்டையும் பூஜ்யம் என்றே எழுதிவிடுகிறார்கள். இது சிறு தவறன்று. 'மழை இல்லை' என்பது ஓர் உண்மை. 'பார்க்கவில்லை' என்பது வேறோர் உண்மை. இரண்டையும் கலந்துவிட்டால், பத்தாண்டு கழித்து அந்த ஏட்டைப் புரட்டுபவர் வறட்சியையும் சோம்பலையும் பிரித்தறிய முடியாது. சனி, ஞாயிறு பார்க்காவிட்டால் கவலை வேண்டாம். திங்களன்று உள்ள நீரை அளந்து, 'மூன்று நாள் சேர்ந்தது' என்று எழுதினால் அது நேர்மையான பதிவு.

மேகமும் மழையும் போல மரத்தையும் கணக்கெடுக்கலாம். 2010ஆம் ஆண்டு தொடங்கிய 'சீசன்வாட்ச்' திட்டத்தில் மாணவர்கள் ஒரு மரத்தைத் தேர்ந்து, வாரந்தோறும் அதில் தளிர், பூ, காய் உண்டா, இல்லையா, சிறிதா, நிறையவா என்று குறிக்கிறார்கள். இயற்கைப் பாதுகாப்பு நிறுவனம் இதனை நடத்துகிறது. கேரளத்தில் ஒரு நாளிதழும் கைகொடுத்ததால் அங்கே பள்ளிகள் ஏராளமாகச் சேர்ந்தன. சித்திரை விஷுவுக்கு மலரும் கொன்றை பல இடங்களில் அதற்கு முன்பே பூத்துவிடுவது இத்தகைய பதிவுகளில் தெரிகிறது. நம் பள்ளி வளாகத்து வேம்பும் புளியும் புங்கமும் இதற்குப் போதும். தமிழ்நாட்டில் தேசிய பசுமைப் படைப் பள்ளிகளும், 1993 முதல் நடந்துவரும் தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்குத் திட்டம் தயாரிக்கும் குழுக்களும் இப்படிப்பட்ட பணிக்கு ஏற்றவை.

கருவி வந்துவிட்டால் திட்டம் வந்துவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. ஒரு பள்ளியில் மழைமானியின் புனலுக்குள் குளவி கூடு கட்டியிருந்ததை நான் கண்டிருக்கிறேன். ஆர்வமாகத் தொடங்கிய ஆசிரியர் மாற்றலாகிப் போனார். அளந்த மாணவர்கள் தேர்வெழுதி வெளியேறினார்கள். ஏடு இரண்டாம் ஆண்டோடு நின்றுபோயிற்று. இரண்டாண்டுப் பதிவைக் கொண்டு பருவநிலை மாறுகிறதா என்று எவராலும் கூற முடியாது. மதுரைக்கு மேற்கே கொடைக்கானல் மலையில் 1899இல் அமைந்த வானாய்வகத்தில் நூறாண்டுக்கு மேலாகச் சூரியனைப் படம் பிடித்துவருகிறார்கள். அந்தப் படங்களின் மதிப்பு பெரும்பாலும் அவற்றின் தொடர்ச்சியில் இருக்கிறது. வெளியிலிருந்து வரும் கூட்டாளிகள் கருவி தரலாம், பயிற்சி தரலாம். அடுத்த ஆண்டு அளக்கப்போகும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை இந்த ஆண்டே பழக்கிவைப்பது பள்ளியின் வேலை.

மதுரைப் பள்ளிகளுக்கு இன்னொரு தனிச் சிக்கல் உண்டு. தொடக்கத்தில் கூறிய அந்தக் கோடை இடிமழை எப்போது பெய்கிறது? ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும். பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்கும் நேரம் அது! எந்த மழையை அளக்கப் பள்ளிகள் மிகவும் தேவையோ, அந்த மழையின்போதுதான் அங்கே ஆள் இல்லை. ஜூனில் பள்ளி திறந்ததும் குழாயில் இருப்பதை அளந்து 'நாற்பது நாள் சேர்ந்தது' என்று எழுதிப் பயனில்லை, பாதி ஆவியாகியிருக்கும்.

இதற்கு வழி, பள்ளிக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருக்கும் ஏழு மாணவர்களைப் பிடிப்பதுதான். ஆளுக்கு வாரத்தில் ஒரு நாள். வானிலைத் துறை மழையைக் காலை 8.30 மணிக்கு அளக்கிறது. நீங்களும் அதே நேரத்தில் அளந்தால் இரண்டையும் ஒப்பிட முடியும். காவலரிடம் முன்கூட்டியே சொல்லிச் சாவிக்கு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். யாருக்கு எந்தக் கிழமை என்ற பட்டியலை மார்ச் மாதத்திலேயே எழுதித் தலைமையாசிரியர் அறையில் ஒட்டிவிடுங்கள்; தேர்வு நெருங்கிவிட்டால் ஒருவரும் அகப்படமாட்டார்கள்.