மூத்தாப்பாவின் பேனாக்கத்தி எவ்வளவு பெறும்?

என் டியூஷன் காசுக்காக மூத்தாப்பா தனது பேனாக்கத்தியை விற்க முன்வந்தார். பேருவளையில் மாணிக்கக்கல் வியாபாரம் செய்த காலத்தில் ஓர் அமெரிக்கர் அன்பளிப்பாகக் கொடுத்தது. அலகில் கழுகுப் படத்தோடு 1776–1976 என்று பொறித்திருக்கும். "பழைய சாமான் மகள், நல்ல வெலைக்குப் போகும்" என்றார். விலை தேடும் வேலை எனக்கு வந்தது.

பழையது என்பதற்காக மட்டும் விலை ஏறாது. அமெரிக்க சுதந்திரத்தின் 200ஆவது ஆண்டு நிறைவுக்குப் பல கம்பனிகள் ஞாபகார்த்தக் கத்திகள் செய்தன. வாங்கிய பலர், பின்னாளில் விலை கூடுமென்று பெட்டியோடு பூட்டி வைத்தார்கள். எல்லோரும் பத்திரப்படுத்திய பொருள் எப்படி அரிதாகும்? "குறிப்பிட்ட எண்ணிக்கையே செய்யப்பட்டது" என்றால், அந்த எண்ணிக்கை எத்தனை என்று கேட்க வேண்டும். பத்தாயிரமும் ஓர் எண்ணிக்கைதானே!

அடுத்தது, அலகு பிடியோடு சேரும் இடத்திலுள்ள முத்திரை. மூத்தாப்பாவின் கல் பார்க்கும் கண்ணாடியாலேயே அதை வாசித்தேன். கேஸ் என்ற அமெரிக்கக் கம்பனி 1970இல் முத்திரையின் கீழ் 10 புள்ளிகள் இட்டு, ஆண்டுக்கு ஒன்றாகக் குறைத்து வந்தது. அப்படியானால் 1976க்கு 4 புள்ளிகள். படம் ஓர் ஆண்டையும் முத்திரை வேறோர் ஆண்டையும் சொன்னால், அலகு மாற்றப்பட்டதா, படம் பிறகு பொறிக்கப்பட்டதா என்று சந்தேகிக்கலாம். எங்களுடையது வேறு கம்பனி. புள்ளி எண்ணும் சந்தோஷம் கிடைக்கவில்லை.

எல்லாவற்றையும் விடக் கத்தியின் நிலைமைதான் முக்கியம். சாணை பிடிக்காத அலகு, மங்காத படம், இறுக்கமாகத் திறந்து மூடும் வில், பெட்டி, அதோடு வந்த பத்திரம் ஆகியவற்றையே சேகரிப்போர் தேடுகிறார்கள். பளபளப்பாக்கவென்று தேய்த்தால் விலை இறங்கும். விற்பவர் கேட்கும் விலையை நம்பவும் கூடாது. அதே கத்தி உண்மையில் என்ன விலைக்கு விற்றுப்போனது என்றே பார்க்க வேண்டும்.

எங்கள் கத்தி பாக்கு வெட்டி, மாங்காய் சீவி, சாணை பிடித்துப் பிடித்தே மெலிந்துவிட்டது. பெட்டியைக் கறையான் தின்றுவிட்டது. கழுகில் ஒரு செட்டைதான் மிச்சம். மற்றதைப் போன பெருநாளைக்கு வீடு துப்புரவாக்கும்போது சாம்பல் போட்டுத் தேய்த்து அழித்தவள் நான்தான்.

அதையும் மறைக்காமல் சொன்னேன். மூத்தாப்பா கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப டியூஷனுக்கு வேற வழி பாப்பம்" என்று அதை மடக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.