ஹோலில் ஒரு பாங்கு, குசினியில் ஒரு பாங்கு

ஒரு காலத்தில் நமது வீடுகளில் ஒரேயொரு வானொலிப் பெட்டிதான் இருந்தது. ஹோலில் அது பேசினால் குசினியில் மீன் கழுவுபவருக்கும் பின்னறையில் பிள்ளைக்குப் பால் கொடுப்பவருக்கும் கேட்கும். இலங்கை வானொலி முஸ்லிம் சேவையின் நோன்புகால நிகழ்ச்சிகளை அப்படித்தான் வீடே சேர்ந்து கேட்டது. இன்று ஆளுக்கொரு கைத்தொலைபேசி, அறைக்கொரு ஒலிபெருக்கி.

சில வருடங்களுக்கு முன் ஒரு ரமழான் ஸஹர் நேரம். குசினியிலிருந்த பழைய வானொலியில் சுபஹ் பாங்கு கேட்டது. ஹோலில் மகள் அதே ஒலிபரப்பைத் தொலைபேசியில், இணையம் வழியாகக் கேட்டபடி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பாங்கு வந்தது ஏறத்தாழ அரை நிமிடம் பிந்தித்தான். "வாப்பா, எனது நோன்பு?" என்று அழாக்குறையாகக் கேட்டாள். பேணுதலுக்காக அந்த நோன்பைக் கழாச் செய்யச் சொன்னேன். அதன் பிறகே இந்தக் கருவிகளைப் பற்றித் தேடி விளங்கிக்கொண்டேன்.

இதில் இரண்டு தாமதங்கள் உண்டு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பிழை நேர்கிறது.

முதலாவது, அறைக்கு அறை ஏற்படும் தாமதம். இரண்டு தொலைபேசிகளில் ஒரே நிகழ்ச்சியை ஒரே நேரத்தில் தொடக்கினாலும் அவை சேர்ந்து பேசமாட்டா. புளூடூத் ஒலிபெருக்கியும் தன் பங்குக்குச் சற்றுப் பிந்தும். சுவர்கள் இடையில் வந்தால் விட்டுவிட்டும் கேட்கும். ஜெர்மனியரான ஹெல்முட் ஹாஸ் 1949இல் செய்த ஆய்வொன்று இங்கே உதவுகிறது. ஒரே ஒலி இரு இடங்களிலிருந்து வரும்போது, இடைவெளி செக்கனின் ஆயிரத்தில் 30 பங்கு அளவுக்குள் இருந்தால் காது அதை ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். அதைவிட நன்றாகக் கூடினால் கிணற்றுக்குள் பேசுவதுபோல் எதிரொலிக்கும். ஒலி 10 மீற்றர் தூரம் செல்லவே ஏறத்தாழ அவ்வளவு நேரம் பிடிக்கும் என்றால், எவ்வளவு நுணுக்கமான கணக்கு என்று பாருங்கள்!

இதற்கு வழி, வைபை மூலம் இயங்கும் ஒலிபெருக்கிகளை ஒரு குழுவாக்குவது. சோனோஸ், கூகுள், அப்பிள் போன்றவை இதற்கு வெவ்வேறு முறைகளை வைத்திருக்கின்றன. அடிப்படை ஒன்றுதான்: பெட்டிகள் யாவும் ஒரே கடிகாரத்துக்கு ஒத்துக்கொண்டு, வந்த ஒலியைச் சற்றுப் பிடித்துவைத்து, குறித்த கணத்தில் ஒன்றாக வெளியிடும். வாங்கும்போது எல்லாம் ஒரே முறையைச் சேர்ந்தவையா என்று கேளுங்கள். ஒருவகையை மற்றவகையுடன் குழுவாக்க முடியாமல் திண்டாடியவர்களை நான் அறிவேன். வைபைப் பெட்டியை வீட்டின் நடுப்பகுதியில், அலுமாரிக்கு வெளியே வையுங்கள். நமது கற்சுவர்களைத் தாண்ட 5 கிகாஹேர்ட்ஸைவிட 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையே நல்லது. 128 கிலோபிட் தரத்தில் ஒரு மணி நேரம் கேட்டால் 58 மெகாபைட் அளவு டேட்டா செலவாகும். சோனோஸ் குழுவில் ஒரு பெட்டிதான் இணையத்திலிருந்து வாங்கி மற்றவற்றுக்குப் பகிர்கிறது. அறைகள் கூடினாலும் செலவு கூடாது.

இசை பற்றிய மார்க்கத் தீர்ப்பை இங்கே நான் எடுக்கவில்லை. கிராஅத், பயான், செய்தி எதுவானாலும் பொருத்தும் முறை ஒன்றே. ஆனால் எல்லா அறைகளிலும் கிராஅத்தை ஓடவிட்டு அதன்மேல் ஊர்க்கதை பேசுவதை மட்டும் என்னால் சகிக்க முடிவதில்லை. இன்னொன்று: பேச்சைக் கேட்டுப் பதில் சொல்லும் பெட்டிகளில் மைக் இருக்கிறது. படுக்கையறைக்கு மைக் இல்லாததை வாங்குங்கள். அல்லது அதை அணைத்துவிடுங்கள்.

இரண்டாவது தாமதத்துக்கு வருவோம். இணைய ஒலிபரப்பு நிலையத்திலிருந்து வீட்டுக்கு வருமுன் துண்டு துண்டாகச் சேமிக்கப்பட்டே வருகிறது. அதனால் பல செக்கன்கள், சிலவேளை அரை நிமிடம்கூடப் பிந்தும். குழு எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் இதைத் திருத்தாது. வீடு முழுவதும் ஒன்றாகப் பிந்தும், அவ்வளவுதான். இப்தாருக்கு அரை நிமிடம் பொறுப்பதால் குற்றமில்லை. ஸஹரில்தான் ஆபத்து.

ஆகவே நாங்கள் வேறுவிதமாகச் செய்தோம். வெளியிலிருந்து கம்பி பொருத்தும் துளையுள்ள பெட்டி ஒன்றை ஹோலில் வைத்து, சாதாரண எப்எம் வானொலியின் காதொலிக் கம்பியை அதில் செருகினோம். வானொலிக் குரல் அங்கிருந்து எல்லா அறைகளுக்கும் போகிறது, தாமதம் தெரிவதில்லை. சத்தத்தை அறைக்கறை தனியாகக் கூட்டிக் குறைக்கலாம் என்பதால் காது மந்தமான என் உம்மாவுக்குப் பின்னறையில் கூட்டி வைத்திருக்கிறோம். ஸஹரை முடிக்கக் கலண்டரையும் கடிகாரத்தையும் பார்க்கும்படி மகளிடம் சொல்லியிருக்கிறேன்.

உம்மாவோ தன் தலையணையருகே இருந்த பெட்டரி ரேடியோவை எடுக்க விடவில்லை. 2022 ஏப்ரல் நோன்பில் மின்வெட்டு வந்த இரவுகளில் வீட்டார் எல்லோரும் அவரது கட்டிலைச் சுற்றித்தான் அமர்ந்திருந்தோம்.