கார் கவிழ்கிறதா? எக்செலில் கணக்குப் போடுங்கள்!

கம்ப்யூட்டர் இதழில் ரிமோட் காருக்கு என்ன வேலை என்று நினைக்கிறீர்களா? காரணம் இருக்கிறது. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய பலரும், "எக்செல் கற்றுக்கொண்டேன், ஆனால் வீட்டில் அதற்கு என்ன உபயோகம்?" என்று கேட்கிறார்கள். இதோ ஓர் உபயோகம்.

என் அக்கா மகன் எட்டாம் வகுப்பு படிக்கிறான். இரண்டு வருடம் கையில் கிடைத்த பணத்தையெல்லாம் சேர்த்து வைத்து, ரேடியோ மூலம் இயங்கும் 1/10 அளவு 'ராக் கிராலர்' ஒன்றை வாங்கினான். இது வேகமாக ஓடும் பந்தயக் கார் அல்ல. அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தின் மோவாப் பாறைகளிலும், கலிபோர்னியாவின் ரூபிகான் பாதையிலும் ஜீப்புகள் ஊர்ந்து ஏறுவதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அவற்றின் சிறிய வடிவம்தான் இது.

மாடியில் அடுக்கிய கற்களில் ஏறும்போது காரின் அடிப்பகுதி இடித்தது. "காரை உயர்த்திவிடு" என்றேன். ஷாக் அப்சார்பர்களில் உள்ள வளையங்களை அவன் இறுக்கினான். கார் கம்பீரமாக உயர்ந்தது. அடுத்த கல்லில் பக்கவாட்டில் கவிழ்ந்து கீழே விழுந்தது. மேல் பாடியில் விரிசல். "நீங்க சொன்னபடிதானே மாமா செஞ்சேன்?" என்றான். பதில் சொல்ல முடியவில்லை. அன்றிரவுதான் உட்கார்ந்து யோசித்தேன்.

நான் செய்த தவறுகள்

முதலாவது, வளையத்தை இறுக்கினால் ஸ்பிரிங் கடினமாகும் என்று நினைத்தது. சாதாரண ஸ்பிரிங்கில் அப்படி ஆவதில்லை. காரின் எடை மாறவில்லை. எனவே ஸ்பிரிங் அதே அளவுதான் அமுங்கும். காரின் உடல் மட்டும் மேலே போகும்.

இரண்டாவது, கார் உயர்ந்தால் எல்லாமே உயரும் என்று நினைத்தது. அச்சின் நடுவில் உருண்டையாக இருக்கும் டிஃபரன்ஷியல் ஒரு மில்லிமீட்டர் கூட உயராது. அதை உயர்த்தப் பெரிய டயர் வேண்டும், அல்லது சக்கரத்துக்கு அருகே கியர் வைத்த 'போர்டல் ஆக்ஸில்' வேண்டும். 2017-ல் வந்த டிராக்ஸஸ் டிஆர்எக்ஸ்-4 காரில் இந்த அமைப்பு உண்டு.

மூன்றாவது, சக்கரம் கீழே இறங்கும் அளவை மறந்தது. காரைத் தரையில் வைத்து, உடலை மட்டும் மெதுவாகத் தூக்குங்கள். சக்கரங்கள் தரையை விடாமல் சிறிது தூரம் கீழிறங்க வேண்டும். அப்போதுதான் ஒரு சக்கரம் கல்லில் ஏறும்போது மற்றொன்று பள்ளத்தைத் தொட்டுப் பிடிக்கும். வளையத்தை முழுவதும் இறுக்கியபோது இந்த அசைவு போய்விட்டது. ஷாக் அப்சார்பரின் மொத்த அசைவில் ஏறத்தாழ பாதி கீழே இறங்குவதற்கென்று இருந்தால் எங்கள் கார் நன்றாக ஏறுகிறது.

கவிழும் கோணத்தை அளப்பது எப்படி?

1. ஒரு பலகையில் காரைப் பக்கவாட்டில் நிறுத்துங்கள். சறுக்காமல் இருக்கக் கீழ்ப்பக்க டயர்களை ஒட்டி மெல்லிய பட்டை ஒன்றை ஒட்டுங்கள்.

2. பலகையின் மேல் பக்கத்தை மெல்லத் தூக்குங்கள். மேல்பக்கச் சக்கரங்கள் பலகையை விட்டுக் கிளம்பும் நொடியில் நிறுத்துங்கள். காரை ஒருவர் தாங்கிக் கொள்ளட்டும்.

3. மொபைலில் உள்ள சாய்வு அளக்கும் ஆப்பைத் திறந்து, பலகை மேல் வைத்துக் கோணத்தைக் குறியுங்கள்.

4. டயர்களின் வெளி விளிம்புகளுக்கு இடையே உள்ள அகலத்தில் பாதியை அளந்துகொள்ளுங்கள். எங்கள் காரில் அது 120 மி.மீ.

இந்தப் பாதி அகலத்தைக் கோணத்தின் டேன் மதிப்பால் வகுத்தால், எடை மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது தோராயமாகக் கிடைக்கும். சாய்வில் ஸ்பிரிங்குகளும் ஒரு பக்கம் அமுங்குவதால் இது துல்லியமான அளவல்ல. ஒப்பிட்டுப் பார்க்கப் போதும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. எக்செலின் டேன் ஃபங்ஷன் கோணத்தை ரேடியனில்தான் எடுத்துக்கொள்ளும். நான் 45 டிகிரியை அப்படியே கொடுத்தேன். விடை 74 மி.மீ. என்று வந்தது. சரியான விடை 120. எனவே கோணத்தை முதலில் ரேடியன்ஸ் ஃபங்ஷனில் கொடுத்து, அதன் விடையை டேனில் கொடுங்கள்.

என்ன மாற்றினோம்?

பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு வேலையை ஆரம்பித்தோம். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். அதைக் குறித்த பிறகே அடுத்தது. கம்ப்யூட்டரில் செட்டிங்ஸை மாற்றும்போதும் இதே விதிதான். நான்கைந்தை ஒன்றாக மாற்றினால் எது பலன் தந்தது, எது கெடுத்தது என்று தெரியாது.

எக்செல் தாளில் தேதி, முன் வளையம், பின் வளையம், அடித்தகட்டின் உயரம், இடப்பக்கக் கோணம், வலப்பக்கக் கோணம், குறிப்பு என ஏழு பத்திகள் போட்டோம். முதலில் வளையங்களைத் தளர்த்தி உடலை 12 மி.மீ. இறக்கினோம். பிறகு பேட்டரியைத் தாழ்வாகவும் சற்று முன்னாலும் வைத்தோம். முன்பக்க எடை செங்குத்தாக ஏறும்போது பின்னால் மல்லாந்து விழாமல் காக்கும். இரு பக்கக் கோணங்களும் வேறுபட்டால் எடை ஒரு பக்கம் அதிகம் என்று பொருள். எங்கள் பேட்டரியை நடுவுக்கு நகர்த்தியதும் சரியானது.

கவிழும் கோணம் 45-லிருந்து 48 டிகிரி ஆனது. எடை மையம் 120-லிருந்து 108 மி.மீ.க்கு இறங்கியதாகக் கணக்கு காட்டியது. புதிய பாகம் எதற்கும் ஒரு ரூபாய் கூடச் செலவில்லை.

எவ்வளவு இறக்கலாம்? அடித்தகடு கற்களில் அடிக்கடி மாட்டத் தொடங்கும் வரை இறக்குங்கள். பிறகு சிறிது உயர்த்துங்கள். அதன்பின் ஒவ்வொரு சக்கரத்தையும் முழுவதும் மேலே அழுத்தி, ஸ்டியரிங்கை இரு பக்கமும் திருப்பி, டயர் பாடியில் உரசுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

விரிசலை உள்பக்கமாக டேப் போட்டு ஒட்டியிருக்கிறோம். காரைக் கவிழ்த்த அதே கல்லில் அது இப்போது ஏறி இறங்குகிறது. எக்செல் தாளை அவன்தான் பராமரிக்கிறான். அதன் முதல் வரியில், குறிப்புப் பத்தியில், "மாமா சொன்னது. விழுந்தது." என்று எழுதி வைத்திருக்கிறான். அழிக்கச் சொல்லவில்லை. தவறான அளவும் ஓர் அளவுதான். நீங்களும் அழிக்காமல் வையுங்கள்.