இரண்டு ஜிபிக்குள் எவ்வளவு அடங்கும்?

அண்ணனுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த இலவச லேப்டாப் இப்போது தன் கைக்கு வந்திருப்பதாகவும், பிரவுசரைத் திறந்தாலே அது திணறுவதாகவும் கிளியனூரிலிருந்து ஒரு மாணவி எழுதியிருக்கிறார். திண்டிவனத்தில் ஒரு கடையில், "இது அவ்வளவுதாம்மா, புதுசு வாங்கிடு" என்றார்களாம்.

அவசரப்பட வேண்டாம். 2011 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய அந்தத் திட்டத்தின் ஆரம்ப மாடல்கள் பலவற்றில் 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். இன்றைய இணையப் பக்கங்களுக்கு அந்த ரேம் குறைச்சல்தான். ஆனால் வில்லங்கமே ரேம் நிரம்பிய பிறகுதான் ஆரம்பிக்கிறது.

நிரம்பியதும், அப்போதைக்கு வேண்டாதவற்றைக் கணினி டிஸ்க்குக்கு அனுப்பிவிடுகிறது. இதற்கு ஸ்வாப் என்று பெயர். எங்கள் வீட்டில் பீரோ நிறைந்தால் அம்மா போர்வைகளைப் பரணில் ஏற்றிவிடுவார். பிறகு ஒரு போர்வைக்குக்கூட ஏணி தேடவேண்டும். சாதாரண லேப்டாப் டிஸ்க் நிமிடத்துக்கு 5400 தடவை சுழல்கிறது. ஒரு சுற்றுக்கே 11 மில்லிசெகண்ட். ரேமோ நானோசெகண்ட் கணக்கில் பதில் தருவது. ஏறத்தாழ ஒரு லட்சம் மடங்கு வித்தியாசம்! டிஸ்க் விளக்கு விடாமல் மினுங்க, மவுஸ் அம்பு அசையாமல் நிற்பது இதனால்தான்.

லினக்ஸில் உள்ள இசட்ரேம் பரண் பக்கமே போவதில்லை. எனக்கு மிகவும் பிடித்த வித்தை இது. சும்மா கிடக்கும் தரவை ரேமுக்குள்ளேயே இறுக்கிச் சுருக்கி வைத்துவிடுகிறது. அதில் பூஜ்யங்களும் திரும்பத் திரும்ப வரும் வரிசைகளும் ஏராளம் என்பதால், பெரும்பாலும் பாதி இடத்துக்குள் அடங்கிவிடும். மறுபடி விரிக்க ப்ராசசருக்குக் கொஞ்சம் கூடுதல் உழைப்பு. டிஸ்க்குக்கு ஓடுவதோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. ஆண்ட்ராய்டு போன்களில் இதே வித்தை ஓசைப்படாமல் நடக்கிறது. 2020-இல் வந்த ஃபெடோரா 33 லினக்ஸில் இது தானாகவே இயங்கத் தொடங்கியது.

லுபுண்டு போன்ற இலகுவான லினக்ஸைப் போட்டு, இசட்ரேமை இயக்கி, டிஸ்க்கை எடுத்துவிட்டு 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி பொருத்தினால், படிப்புக்கும் விண்ணப்பங்களுக்கும் அந்த லேப்டாப் தாராளமாக உழைக்கும்.

ஒரு வருத்தம் உண்டு. அந்த லேப்டாப்கள் பலவற்றில் விண்டோஸோடு, மத்திய அரசின் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. திறந்துகூடப் பார்க்காமல் அதை அழித்துவிட்டு, திருட்டு விண்டோஸை ஏற்றியவர்களும் உண்டு. மக்கள் வரிப்பணத்தில் வந்த பொருளை இப்படியா நடத்துவது?

உங்கள் வீட்டிலும் அப்படியொன்று கிடந்தால் காயலான் கடைக்குப் போடாதீர்கள். டிஸ்க்கைக் கழற்றுமுன் படங்களையும் சான்றிதழ் நகல்களையும் மறக்காமல் பென் டிரைவில் எடுத்து வையுங்கள்.